உணவுக்குழாய்ப் புற்றுநோய்: எப்போது, எங்கே?

முதலில் நிற்பது சப்பாத்தி. சரியாக மெல்லவில்லை போலும் என்று நினைத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். சில வாரங்களில் தோசையும் நிற்கத் தொடங்கும். வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அவரே தன் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு வருகிறார். சோற்றில் ரசத்தைக் கூடுதலாக ஊற்றிக் குழையப் பிசைகிறார். இட்லியைப் பாலில் கரைத்துக்கொள்கிறார். பிறகு கஞ்சி, அதற்கும் பிறகு வெறும் பால். நடுவில் மருந்துக் கடையில் "நெஞ்சுல அடைக்குது, கேஸ் போல" என்று சொல்லி மாத்திரை வாங்கிப் போடுகிறார். பக்கத்துத் தெரு மருத்துவர் 'அல்சர்' என்று ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு உடம்பு வற்றிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே சில நிமிட எண்டோஸ்கோபியில் உண்மை தெரிந்துவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்காக நான்கு, ஐந்து மாதங்கள் போயிருக்கின்றன.

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை கிடையாது என்று பலரும் நம்புகிறார்கள். மருத்துவர்களிலேயே சிலர் அப்படிப் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. இன்று இல்லை. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து மூன்றும் கடந்த நாற்பது ஆண்டுகளில் நோயாளிக்குச் சாதகமாக வெகுதூரம் நகர்ந்திருக்கின்றன. நம் ஊரில் ஒருவர் பிழைப்பதும் பிழைக்காததும் இப்போது பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பொறுத்திருக்கிறது: எண்டோஸ்கோபி எப்போது செய்யப்பட்டது, அறுவைச் சிகிச்சை எங்கே செய்யப்பட்டது. இரண்டுமே அரசு முடிவெடுத்தால் மாற்றக்கூடியவை. அதனால்தான் இதைப் பொதுக் கொள்கையின் கேள்வியாகவும் பேச வேண்டியிருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை தந்த 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் சுமார் 5.1 லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 4.45 லட்சம் பேர் இறந்தனர். இந்தியாவில் புதிய நோயாளிகள் சுமார் 70 ஆயிரம், இறப்புகள் சுமார் 66 ஆயிரம். நோய் வந்தவர்களின் எண்ணிக்கையும் இறந்தவர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் புற்றுநோய்கள் அதிகமில்லை. உலகக் கணக்கைவிட இந்தியக் கணக்கில் அந்த இடைவெளி இன்னும் குறுகலாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வேறுபாட்டை நோயின் கொடுமை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

நோயும் கொடுமையானதுதான். உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். நன்றாக நெகிழ்ந்து கொடுக்கும். அந்த நெகிழ்ச்சியே நோயை மறைக்கிறது: உள்விட்டம் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும் வரை பெரும்பாலோர் எதையும் உணர்வதில்லை. குடலுக்கு வெளிப்புறம் ஒரு மெல்லிய உறை உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த உறை கிடையாது என்பதால், கட்டி சுவரைத் தாண்டி வெளியே பரவத் தடையில்லை. உள்சுவரிலேயே நிணநீர் நாளங்கள் வலையாக நீளவாக்கில் ஓடுவதால், கட்டி நடு நெஞ்சில் இருக்கும்போதே கழுத்திலும் வயிற்றிலும் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்விடும். அக்கம்பக்கம் எல்லாம் உயிர்நிலைகள். முன்னால் மூச்சுக்குழாய், அதற்குக் கீழே இதயத்தின் இடது மேலறை, ஒட்டினாற்போல் மகாதமனி, பின்னால் முதுகெலும்பு. கையையோ காலையோ போலத் தனியாக வெட்டி எடுக்க இங்கே இடமே இல்லை.

அறுவை மருத்துவத்தில் நெஞ்சறை கடைசி வரை திறக்கப்படாத கதவாக இருந்ததற்கும் காரணம் உண்டு. வயிற்றைத் திறந்தால் நோயாளி மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார். நெஞ்சைத் திறந்த அடுத்த நொடியே காற்று உள்ளே புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். 1904-இல் பிரெஸ்லாவில் சாவர்ப்ருக் என்ற இளம் மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறைக்குள் நோயாளியின் உடலும் மருத்துவர்களும் இருப்பார்கள். நோயாளியின் தலை மட்டும் அறைக்கு வெளியே இருக்கும். இன்று வியப்பாகத் தோன்றும் அந்த ஏற்பாடுதான் நெஞ்சறைக்குள் கை வைக்கலாம் என்ற துணிவைத் தந்தது. மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைத்துக் காற்றைச் செலுத்தும் முறை வந்த பிறகு அந்த அறையும் தேவையில்லாமல் போயிற்று.

1913 மார்ச்சில் நியூயார்க்கின் ஜெர்மன் மருத்துவமனையில் ஃபிரான்ஸ் டோரெக் 67 வயதுப் பெண்ணொருவரின் நெஞ்சிலிருந்து, புற்று பிடித்த உணவுக்குழாய்ப் பகுதியை வெட்டி எடுத்தார். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை. இரண்டையும் உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார்கள். அந்தப் பெண் வாயால் உண்ட உணவு கழுத்தில் வெளியேறி, ரப்பர் குழாய் வழியாக இரைப்பைக்குப் போனது. அப்படியே சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அதன் பிறகு உலகெங்கும் முயன்றவர்கள் நீண்ட காலம் தோல்வியையே கண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் அருமை புரியும். 1930-களில் ஜப்பானில் ஓசாவா, இரைப்பையையே மேலே இழுத்து நெஞ்சுக்குள் மீதி உணவுக்குழாயோடு தைத்துக் காட்டினார். 1946-இல் வேல்ஸைச் சேர்ந்த ஐவர் லூயிஸ், முதலில் வயிற்றைத் திறந்து இரைப்பையைத் தயார் செய்து, பிறகு வலப்பக்க நெஞ்சு வழியாகக் கட்டியை எடுக்கும் முறையை வகுத்தார். மகாதமனியின் வளைவு இடப்பக்கம் வழியை மறிக்கிறது, வலப்பக்கம் குழாய் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே அவர் காட்டிய காரணம். இன்றும் அறுவை அரங்குகளில் அந்த முறை அவர் பெயரால்தான் வழங்குகிறது.

முறை இருந்தும் பலன் இல்லை. 1980-இல் எர்லாமும் குன்யா-மெலோவும், அதுவரை வெளியான கட்டுரைகளிலிருந்து 83 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார்கள். நூறு நோயாளிகளில் 58 பேருக்கு அறுவை தொடங்கப்பட்டது. 39 பேருக்கே கட்டியை எடுக்க முடிந்தது. அந்த 39 பேரில் 13 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 4 பேர். 'இதற்கு ஒன்றும் செய்ய முடியாது' என்ற பேச்சு இந்த எண்களிலிருந்துதான் பிறந்தது. எண்கள் மாறிவிட்டன, பேச்சு மட்டும் மாறவில்லை.

இந்த அறுவையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எங்கே செய்கிறோம் என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். உணவுக்குழாயின் பெரும்பகுதியும் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளும் எடுக்கப்படுகின்றன. பிறகு இரைப்பையின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் வெட்டித் தைத்து, ஓர் ஒடுங்கிய குழலாக மாற்றி, நெஞ்சு வழியாக மேலே கொண்டுபோய், நெஞ்சுக்குள்ளோ கழுத்திலோ மீதமிருக்கும் உணவுக்குழாயோடு இணைக்கிறார்கள். இரைப்பைக்குப் பல தமனிகள் ரத்தம் தருகின்றன. மேலே இழுக்க வேண்டுமானால் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கட்டி அறுத்தாக வேண்டும். கடைசியில் அந்தக் குழல் முழுவதும், இரைப்பையின் வெளி வளைவை ஒட்டி வலப்பக்கத்திலிருந்து ஓடும் ஒரே ஒரு தமனியை நம்பித்தான் வாழ்கிறது. அந்தத் தமனியிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது குழலின் நுனி. இணைப்புப் போடப்படும் இடம் அந்த நுனிக்கு அருகில்தான். நுனிக்கு ரத்தம் போதாமல் போனால் தையல் விட்டுக் கசியும். நெஞ்சுக்குள் எச்சிலும் உணவும் கசிந்தால் ஓரிரு நாளில் உடம்பெங்கும் கிருமி பரவி உயிருக்கே ஆபத்தாகும். சிறந்த மையங்களிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கசிவு வரத்தான் செய்கிறது.

இதோடு முடியவில்லை. குரல்நாண்களுக்குப் போகும் நரம்பு உணவுக்குழாயை ஒட்டியே ஓடுகிறது. நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது அது தொட்டுப் போனால்கூடக் குரல் கம்மிவிடும், புரை ஏறும், அதிலிருந்து நிமோனியா வரும். முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெரிய நிணநீர்க் குழாய் கிழிந்தால் நாளுக்கு லிட்டர் கணக்கில் பால் போன்ற திரவம் வழிந்து, நோயாளி பட்டினி கிடப்பவர்போல வற்றிப்போவார். ஐந்தாறு மணி நேரம் நீளும் அறுவை, அதில் பெரும்பகுதி ஒரு நுரையீரலை மட்டும் இயக்கி மயக்க மருத்துவர் நடத்துவது. அதன் பின் முதல் பத்து நாட்கள்தான் உண்மையான சோதனைக்காலம். நான்காம் நாள் இரவு நாடித்துடிப்பு காரணமில்லாமல் ஏறினால் அது வெறும் பதற்றமா, கசிவின் முதல் அறிகுறியா என்று பார்த்தவுடன் சந்தேகிக்கும் செவிலியர் வேண்டும். நள்ளிரவில் ஸ்கேன் எடுக்க ஆள் வேண்டும். எண்டோஸ்கோபி வழியாகவே கசிவை அடைக்கத் தெரிந்தவர் வேண்டும். பெரிய மருத்துவமனைக்கும் சின்ன மருத்துவமனைக்கும் உள்ள வேறுபாடு சிக்கல் வருவதில் பெரிதாகத் தெரிவதில்லை. வந்த சிக்கலிலிருந்து ஆளை மீட்பதில்தான் தெரிகிறது.

இந்த இடத்தில் கோயம்புத்தூரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெஞ்சைப் பிளந்து விலா எலும்புகளை விரித்துச் செய்யும் அறுவையில் நோயாளிகளை அதிகம் கொன்றது நுரையீரல் தொற்று. சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும் முறை 1990-களில் வந்தபோது, நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து நுரையீரலை அழுத்தி ஒதுக்கிக்கொண்டுதான் பலரும் செய்தார்கள். குப்புறப் படுக்கவைத்தால் நுரையீரலும் ரத்தமும் தம் எடையாலேயே முன்பக்கம் சரிந்து, உணவுக்குழாய் தானாகக் கண்ணுக்கு முன் வந்து நிற்கும். இதை பிரிட்டனில் கூஷியரி 1994-இல் ஒரு சிலருக்குச் செய்து காட்டியிருந்தார். அதைப் பெரிய அளவில் செய்து, உலகம் பின்பற்றத்தக்க முறையாக நிறுவியவர் கோவை ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு. 130 நோயாளிகளின் அனுபவத்தை அவரும் அவர் குழுவும் 2006-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் இதழில் வெளியிட்டார்கள். பின்னர் நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையில் ஐரோப்பாவில் நடந்து 2012-இல் லான்செட் இதழில் வந்த ஒப்பீட்டு ஆய்வில் குப்புறப் படுக்கவைக்கும் முறையே பயன்பட்டது. அதன்படி, நெஞ்சைத் திறந்து செய்தவர்களில் 29 சதவீதத்தினருக்கு முதல் இரண்டு வாரங்களில் நுரையீரல் தொற்று வந்தது. துளை வழியே செய்தவர்களில் அது 9 சதவீதம். தமிழ்நாட்டின் இரண்டாம் நகரத்தில் கை தேர்ந்த ஒரு முறை உலகத்தின் வழக்கமானது நமக்குப் பெருமை. அந்த முறை மதுரையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வரும் ஏழை நோயாளிக்கு எந்த நேரத்திலும் எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று கேட்பது நம் கடமை.

கத்தி மட்டும் போதாது என்பதைச் சொன்னது மற்றொரு நெதர்லாந்து ஆய்வு. கிராஸ் என்று பெயர். 2012-இல் வெளிவந்தது. அறுவைக்கு முன் ஐந்து வாரம், வாரம் ஒரு முறை இரண்டு கீமோ மருந்துகளும், 23 தடவையாகப் பிரித்துக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். நேரே அறுவைக்குப் போனவர்களின் இடைநிலை ஆயுள் 24 மாதம். முன்சிகிச்சை பெற்றவர்களுக்கு 49 மாதம். இந்தியாவில் நாம் பெரும்பாலும் பார்க்கும் ஸ்குவாமஸ் வகையில் வேறுபாடு இன்னும் பெரிது: 21 மாதத்துக்கு எதிராக 81 மாதம். அந்த வகையினரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, வெட்டி எடுத்த உணவுக்குழாயை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு புற்றுச் செல்கூட மிஞ்சவில்லை. சீனாவில் 451 ஸ்குவாமஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வும் இதையே உறுதி செய்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று அதிகம் காணப்படுவது அடினோ வகை. நெஞ்செரிச்சலும் உடல் பருமனும் அதற்குப் பாதை போடுகின்றன. இரைப்பையை ஒட்டிய கீழ்முனையில் வருகிறது. நம் ஊரில் ஸ்குவாமஸ். புகையிலை, மது, வெற்றிலை-பாக்கு, சத்துக் குறைவு ஆகியவை அதன் வேர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் 'அநேகமாகப் புற்று உண்டாக்குபவை' என்ற வகையில் சேர்த்தது. 2025-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு, அடினோ வகைக்குக் கதிர்வீச்சைவிட அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துக் கீமோ மேலானது என்று காட்டியது. அதைப் படித்துவிட்டு நம் ஸ்குவாமஸ் நோயாளிக்குக் கதிர்வீச்சை நிறுத்துவது தவறு. எந்த வகை என்று பயாப்ஸி அறிக்கையில் எழுதியிருப்பதை நோயாளியின் குடும்பம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த மூன்றாம் வாரம் பலருக்குச் சோறு இறங்கத் தொடங்கிவிடும். "சரியாயிடுச்சு, இனிமே எதுக்கு ஆபரேஷன்?" என்று வீட்டோடு இருந்துவிடுகிறவர்கள் நிறைய. ஆறேழு மாதம் கழித்து மீண்டும் அடைத்துக்கொண்டு வரும்போது, பல சமயம் அறுவைக்கான காலம் கடந்திருக்கும். அறுவையைத் தவிர்க்கவே முடியாதா? முடியும். சானோ என்ற நெதர்லாந்து ஆய்வு, முன்சிகிச்சையில் கட்டி முழுதும் மறைந்தவர்களை உடனே அறுக்காமல் கண்காணித்தாலும் இரண்டாண்டு முடிவில் உயிர்பிழைப்பு குறையவில்லை என்று கண்டது. ஆனால் அந்தக் கண்காணிப்பு, வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதல்ல. முதல் ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்டோஸ்கோபி, அதே இடத்தில் ஆழமாகச் சதை எடுத்துச் சோதனை, பெட் ஸ்கேன். கட்டி திரும்புவது தெரிந்தால் உடனே அறுவை. தேதி தவறினால் தொலைபேசியில் அழைத்து வரவழைக்க ஆள் இல்லாத மருத்துவமனை இந்த வழியை நோயாளிக்குச் சொல்லவே கூடாது.

எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். 2002-இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான அறுவைகளை ஆராய்ந்து பர்க்மேயர் குழு வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைவாகச் செய்யும் மருத்துவமனைகளுக்கும் மிக அதிகமாகச் செய்யும் மருத்துவமனைகளுக்கும் இடையில் உணவுக்குழாய் அறுவையின் இறப்பு விகிதம் 5 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் வேறுபட்டது. நெதர்லாந்து இதைச் சட்டம்போலவே எடுத்துக்கொண்டது. 2006-இல் ஆண்டுக்குப் பத்து அறுவையாவது செய்யாத மருத்துவமனை இதைச் செய்யக் கூடாது என்றார்கள். 2011-இல் அதை 20 ஆக்கினார்கள். உலகத்துக்கே வழிகாட்டும் ஆய்வுகள் இத்தனை அந்தச் சின்ன நாட்டிலிருந்து வந்ததற்கு, நோயாளிகளைச் சில இடங்களில் ஒன்றுசேர்த்ததும் ஒரு காரணம். நல்ல மையங்களில் இன்று இந்த அறுவையில் இறப்பு 5 சதவீதத்துக்கும் கீழ். 1980-இல் மூன்றில் ஒருவர் இறந்த அதே அறுவை.

தமிழ்நாட்டில் இதை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். ஆண்டுக்கு இரண்டு செய்யும் மருத்துவமனைக்கும் ஐம்பது செய்யும் மருத்துவமனைக்கும் நோயாளியின் கண்ணில் வேறுபாடு தெரியாது. விளம்பரப் பலகையில் ரோபோ படம் இருக்கிறதா என்பதுதான் தெரியும். ரோபோ நல்ல கருவி. நிணநீர் முடிச்சுகளை நுட்பமாக எடுக்க உதவுகிறது. ஆனால் நான்காம் நாள் இரவு நாடித்துடிப்பைப் பார்த்துச் சந்தேகிப்பது ரோபோ இல்லை. நோயாளியின் மகனோ மகளோ மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "போன வருஷம் இந்த ஆபரேஷன் உங்க டீம் எத்தனை பேருக்குச் செஞ்சீங்க சார், எத்தனை பேர் நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க?" நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்தச் சுமையைக் குடும்பத்தின் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பணம் கொடுக்கும் அரசுக்கு நிபந்தனை போடும் அதிகாரம் உண்டு. உணவுக்குழாய் அறுவைக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை வைக்கட்டும். சென்னை, மதுரை, கோவை போல மண்டலத்துக்கு ஒன்றாகச் சில அரசு, தனியார், அறக்கட்டளை மையங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் இந்த அறுவைக்குக் காப்பீட்டுப் பணம் என்று சொல்லட்டும். ஒவ்வொரு மையமும் தன் எண்ணிக்கையையும் முப்பது நாள், தொண்ணூறு நாள் இறப்பு விகிதத்தையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை என்பதே புதிதாக இருந்த 1954-இல் அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி வைத்த நிறுவனம், ஒரே நோயில் ஒரே இடத்தில் கூடும் அனுபவம் என்ன செய்யும் என்பதை இந்த மாநிலத்துக்குக் காட்டியிருக்கிறது. புதிதாக எதையும் நாம் கற்க வேண்டியதில்லை.

"தூரத்துக்குப் போகச் சொன்னால் ஏழைகள் சிகிச்சைக்கே போக மாட்டார்கள்" என்ற மறுப்பு வரும். அது வெற்று மறுப்பு அல்ல. கூலி வேலைக்காரருக்குச் சென்னையில் இருபது நாள் தங்குவது என்றால், உடன் வருபவரின் கூலியும் போகிறது. அதனால்தான் சிகிச்சையைப் பிரிக்க வேண்டும் என்கிறேன். கீமோவும் கதிர்வீச்சும் வீட்டுக்கு அருகில் உள்ள மருத்துவக் கல்லூரியில் நடக்கட்டும். அறுவைக்கு மட்டும் மையத்துக்கு வரட்டும். உடன் வருபவருக்குத் தங்குமிடம், பயணச் செலவு, நாள் ஒன்றுக்கு ஒரு தொகை ஆகியவை காப்பீட்டுப் பொதியிலேயே சேரட்டும். தையல் பிரிப்பதும் அடுத்த பரிசோதனைகளும் மறுபடியும் மாவட்டத்தில். கட்டியை எடுக்கலாமா, கூடாதா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் மாவட்ட மருத்துவரும் காணொளியில் உட்காரட்டும். அதற்குப் பெரிய செலவில்லை.

அறுவைக்கு முன் செய்ய வேண்டிய சில எளிய வேலைகளைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை. நான்கு வாரமாவது பீடி, சிகரெட்டை முழுதும் நிறுத்த வேண்டும். மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியை உறிஞ்சி நுரையீரலைப் பழக்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் சாப்பாடு. நோயாளி மருத்துவமனைக்கு வருவதே பத்துக் கிலோ இழந்த பிறகு. சோறு இறங்காதவருக்கு மூக்கு வழியாகவோ சிறுகுடலிலோ டியூப் வைத்து, முட்டை, பால், சத்துமாவை அரைத்து வடிகட்டிக் கொடுத்து ஆறேழு வாரத்தில் ஆளை நிமிர்த்திவிடலாம். "வயித்துல டியூப் வச்சாச்சு, இனி அவ்வளவுதான்" என்று உறவினர்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அந்த டியூப்தான் அறுவையைத் தாங்கும் தெம்பைத் தருகிறது. அறுவைக்குப் பிறகும் வாழ்க்கை பழையபடி இருக்காது. இரைப்பை இப்போது நெஞ்சுக்குள் இருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது, தலைமாட்டை உயர்த்தியே தூங்க வேண்டும். இனிப்பு அதிகமானால் படபடத்து வியர்க்கும். ஆனாலும் இட்லி சட்னியை வாயால் சாப்பிட்டுக்கொண்டு பத்து, பதினைந்து ஆண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

"கத்தி பட்டாப் பரவிடும், காத்துப் பட்டாப் பரவிடும்" என்ற பயம் நம் கிராமங்களில் இன்னும் ஆழமாக இருக்கிறது. நோய் முற்றிய பிறகு அறுக்கப்பட்டவர்கள் அதன்பின் சீக்கிரம் இறந்ததைப் பார்த்து எழுந்த பயம் அது. அவர்களைக் கொன்றது முன்பே பரவியிருந்த நோய். சோதனைக்காகச் சதை எடுப்பதால் உணவுக்குழாய்ப் புற்று பரவுவதில்லை. இதை ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஊர்க்கூட்டத்தில், மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் கத்தியே தேவைப்படாத நிலையும் உண்டு. புற்று உள்சுவரின் மேல்படலத்தில் மட்டும் இருந்தால், எண்டோஸ்கோபி வழியாகவே அந்தப் படலத்தைச் சீவி எடுத்துவிடலாம். ஜப்பானில் இது அன்றாட நடைமுறை. அயோடின் கரைசலைத் தெளித்தால் நல்ல பகுதி பழுப்பாகும், சந்தேகமான பகுதி நிறம் ஏறாமல் நிற்கும். விலை மலிவான சோதனை. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், இந்த நோய் மிக அதிகமான சிஷியான் வட்டாரத்தில், 40 முதல் 69 வயது வரையுள்ளவர்களுக்கு ஒரே ஒரு முறை இந்த எண்டோஸ்கோபி செய்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 3.35 சதவீதம், அழைக்கப்படாத ஊர்களில் 5.05 சதவீதம். தமிழ்நாட்டில் நோயின் அளவு அவ்வளவு இல்லாததால் எல்லோருக்கும் எண்டோஸ்கோபி என்பது வீண் செலவு. ஆனால் அறிகுறி உள்ளவருக்கு உடனே செய்வது வேறு. விழுங்கச் சிரமம் என்று சொல்பவருக்கு இரண்டு வாரத்துக்குள் எண்டோஸ்கோபி என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் சொல்கிறது. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் நம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியரின் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: "சாப்பாடு இறங்கச் சிரமமா இருக்கா?" ஆம் என்றால், அமில மாத்திரை கொடுத்து ஒரு மாதம் பார்க்காமல், இரண்டு வாரத்துக்குள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எண்டோஸ்கோபிக்குத் தேதி.

இவ்வளவு செய்தாலும் சிலர் குணமாக்கும் காலம் கடந்து வருவார்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருக்கும் மனிதரை 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று அனுப்புவதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழலை, மூடிய குடைபோலச் சுருட்டி அடைப்புக்குள் செலுத்தி விரித்துவிட்டால் ஓரிரு நாளில் கஞ்சியும் குழைந்த சோறும் இறங்கும். சற்று நீண்ட காலம் வாழ வாய்ப்புள்ளவர்களுக்கு, குழாய்க்குள்ளிருந்தே கொடுக்கும் ஒற்றைத் தவணைக் கதிர்வீச்சு இன்னும் நிலையான பலன் தருகிறது என்று 2004-இல் நெதர்லாந்தில் 209 பேரிடம் செய்த ஒப்பீடு காட்டியது. கென்யாவின் மேற்குப் பகுதியில் பொமெட் என்ற சிற்றூரில் டென்வெக் மருத்துவமனை இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த நோய் மிகுந்த வட்டாரம் அது. எக்ஸ்ரே திரையின் துணைகூட இல்லாமல், எண்டோஸ்கோபியை மட்டும் கொண்டு நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு ஸ்டென்ட் வைத்து, அந்த அனுபவத்தை மருத்துவ இதழ்களில் பதிந்திருக்கிறார்கள். டென்வெக்கைவிட நம் மருத்துவக் கல்லூரிகளுக்கு வசதி அதிகம். ஒவ்வொரு மாவட்டத்திலும் எண்டோஸ்கோபி தெரிந்த ஒருவரை இதற்குப் பழக்கி, நான்கைந்து அளவுகளில் ஸ்டென்டை இன்சுலின்போல எப்போதும் கையிருப்பில் வைக்கும்படி மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் பட்டியலில் சேர்க்க, இந்த ஆண்டே ஓர் அரசாணை போட முடியும்.